குல்லுவின் வாயில் சிவப்பு

காப்பியை ஆற்றி ஒரு வாய் குடிப்பதற்குள் கொல்லைப்பக்கத்துக் கம்பிக் கதவு தடதடவென்று ஆடியது. குல்லு வந்துவிட்டது என்று தெரிந்தது. கதவைத் திறக்கச் சொல்லிக் குரைக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. தோளால் ஒரு இடி இடிக்கும், அவ்வளவுதான்.

கையில் டம்ளரோடு போனேன். சித்திரை வெயில் அந்த நேரத்துக்கே முற்றத்துச் சிமெண்டைச் சுட வைத்திருந்தது. கதவுக்கு வெளியே குல்லு நின்றது. கறுத்த உடம்பு, வெள்ளை நெஞ்சு, மூக்கைச் சுற்றியும் வெள்ளை. அந்த வெள்ளையெல்லாம் அன்றைக்குச் சிவப்பாக இருந்தது.

"ஏங்க, இங்கன கொஞ்சம் வாங்க!"

என் வீட்டுக்காரர் நெற்றியில் திருநீறு காயாமல் ஓடி வந்தார். பார்த்தார். பயப்படவில்லை, கோபப்பட்டார்.

"எவம்லே மெசின் ரூம் கதவத் தொறந்து போட்டது? மெஜந்தா மை டின்னுக்குள்ள வாய விட்டிருக்கு பாரு!"

எங்கள் வீடும் அச்சகமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. அந்த வாரம் முழுவதும் ஆப்பிள் பெட்டி லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பென்றால் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. அச்சகம் வைத்திருக்கிறவர்கள் எங்கே சிவப்பைக் கண்டாலும் முதலில் மை என்றுதான் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் கை அறுந்து ரத்தம் வந்தால்கூட, "எந்த மெசின் பக்கம் போனே?" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்து தேடுவார்கள்.

அவர் மை துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் முக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அத நாய் வாயில தடவாதீங்க, நக்கித் தொலைக்கும்" என்று தள்ளிவிட்டு, என் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவை துடைத்தேன்.

சிவப்பு அப்படியே முந்தானையில் ஏறிக்கொண்டது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மையோடு மல்லுக்கட்டுகிறவள் நான். அச்சு மை தண்ணீருக்கு அசையவே அசையாது. முந்தானையை மோந்து பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மை வாடையே இல்லை, ரத்த வாடைதான்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முத்துலட்சுமி கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க செவலையப் பாத்தீகளா? விடியக்காலமிருந்து காணல."

செவலை அவளுடைய ஆடு. நிறைசினையாக இருந்தது.

ஆப்பிள் லாரியில் வந்த குட்டி

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் அச்சகத்துப் பைண்டிங் பிரிவைப் பற்றி எழுதும்போது, "எங்கள் குல்லு படுத்திருக்கிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். யார் அந்தக் குல்லு, மகனா, மருமகனா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நாய்தான். பெட்டை நாய். ஆனால் சாதாரண நாய் இல்லை.

எங்களுக்கு இமாச்சலப் பக்கத்தில் ஒரு பழ வியாபாரி வாடிக்கை. ஆப்பிள் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் முழுக்க எங்களிடம்தான் அடிப்பார். ஒரு தடவை ஆர்டர் பேச அங்கே போன என் வீட்டுக்காரர், மலைச்சரிவில் ஆட்டுக்கிடையைக் காவல் காத்த நாய்களைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். சிறுத்தையையே எதிர்த்து நிற்கிற இனம் என்று வியாபாரி சொல்லியிருக்கிறார். இவர் சும்மா இருக்காமல், "எங்க ஊருக்கு ஒண்ணு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஊருக்கு வந்ததும் மறந்தும் போனார். அந்த மனுஷன் மறக்கவில்லை.

பழ சீசனில் மதுரைக்கு லோடு கொண்டுவந்த லாரி, ஒரு நாள் மத்தியானம் எங்கள் வாசலில் நின்றது. கரையில் பூ வேலை செய்த குல்லாயைப் போட்டிருந்த டிரைவர், ஒரு ஆப்பிள் பெட்டியை இறக்கிவைத்தார். மேலே நாங்கள் அடித்த லேபிள். உள்ளே வைக்கோலுக்கு நடுவே கறுப்பாக ஒரு உருண்டை. தூக்கினால் குட்டிக்கு வாயெல்லாம் ஆப்பிள் வாசம்.

கூடவே ஒரு கழுத்துப்பட்டையும் வந்தது. இரும்புப் பட்டை, சுற்றிலும் விரல் நீளத்துக்கு முள். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க மலையில் இதைத்தான் மாட்டுவார்களாம். "இங்க சிறுத்தைக்கு எங்க போக? நம்ம தெருவுல இருக்கது கொசுதான்" என்றேன் நான். எனக்கு நாய் என்றாலே ஆகாது. வெள்ளையடித்த சுவரும் துடைத்த தரையுமாக வீட்டை வைத்திருக்கிறவளிடம், உடம்பெல்லாம் மயிர் கொட்டுகிற மிருகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? வந்த ஊரின் பெயரையே வைத்தார் என் வீட்டுக்காரர். அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

டாக்டரம்மாவிடம் வாங்கிய திட்டு

முதல் கோடை வந்தது. குல்லு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு யோசனை செய்தார். கம்பளியைக் கழற்றினால் காற்று வரும் என்று, தெருமுனை முடிவெட்டுக் கடைக்காரரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். அவரும் மெசினைப் போட்டு ஒரு பக்கம் முழுக்க வழித்துவிட்டார். மறுபக்கம் போவதற்குள் மெசின் சூடாகி நின்றுபோனது. ஒரு பக்கம் கரடி, ஒரு பக்கம் எலி என்று நின்ற குல்லுவைப் பார்த்து அச்சகத்து ஆட்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பு இரண்டொரு நாள்தான். வழித்த பக்கத்துத் தோல் வெயில் பட்டுச் சிவந்து கொப்பளித்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"குளிருக்கு மட்டும் இல்லங்க இந்த முடி, வெயிலுக்கும் இதுதான் குடை. குடையப் பிடுங்கிப் போட்டுட்டு நாய் வாடுதுன்னு வந்து நிக்கிறீங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்த நாயை வளர்க்கக் கற்றுக்கொண்டோம். மேல்முடியைத் தொடவே கூடாது. அடியில் பஞ்சுபோல இருக்கிற முடி கோடைக்கு முன்னால் தானாகக் கழலும், அதை மட்டும் சீப்பால் வாரி எடுக்க வேண்டும். வாரினால் ஒரு தலையணைக்கு வரும். வாரும்போதே காதுக்குப் பின்னாலும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பிறகும்தான் சோறு. தார் ரோட்டில் நம் புறங்கையை வைத்துப் பார்த்து, நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும் என்று திரும்பிவிட வேண்டும். எப்போதும் நிழலில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும்.

மலையில் சோளமாவு ரொட்டியும் மோரும் போடுவார்கள் என்று வியாபாரி போனில் சொன்னார். நாங்கள் கம்பங்கூழில் மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தோம். ஒரு வாய் நக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது பாருங்கள், அன்றோடு என் வீறாப்பில் பாதி போய்விட்டது.

வேப்பமரத்தடியில் அது பள்ளம் தோண்டித் தோண்டிப் படுத்ததைப் பார்த்து, வீட்டில் குழி விழுவது நல்லதில்லை என்று நான் மூடிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா அதற்கும் திட்டினார். அடிமண் குளிர்ச்சியாக இருக்கும், அது தனக்குத் தானே செய்துகொள்கிற ஏ.சி. என்றார். மூடுவதை விட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்

இவ்வளவு செய்தும் குல்லு எங்களோடு ஒட்டவில்லை. சொன்னால் கேட்கும், கூழைக் குடிக்கும், வாரினால் நிற்கும். ஆனால் கண் மட்டும் எதையோ தேடிக்கொண்டே இருக்கும். காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தே ஒரு தடம் போட்டுவிட்டது.

அது எதைத் தேடியது என்று முத்துலட்சுமி பக்கத்தில் குடிவந்த பிறகுதான் தெரிந்தது. விஸ்வநத்தத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவளுக்கு வேலை. கை நகத்துக்குள் வெள்ளிப்பொடி ஏறிப்போய் எப்போதும் மினுங்கிக்கொண்டிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டகை போட்டு அரை டஜன் ஆடு வளர்த்தாள். ஆடு கத்தின முதல் நாளே குல்லு வேலியைப் பிரித்துக்கொண்டு போய்விட்டது. பதறிப்போய் ஓடினோம். ஆடுகளுக்கு நடுவில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து அது அப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை.

பிறகு அதை யாரும் தடுக்கவில்லை. காலையில் முத்துலட்சுமி ஆடுகளை ஓடைப்பக்கம் விட்டுவிட்டுக் கம்பெனி வேனில் ஏறினால், சாயங்காலம் அவள் வரும்வரை குல்லு கூடவே இருக்கும். பட்டாசுக் கம்பெனியின் வேலிவரைகூட மேய்ச்சலில் போய்விட்டது ஒரு நாள். அங்கே வாட்ச்மேன் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு அன்றைக்குத்தான் அந்த இரும்பு முள்பட்டையை மாட்டி அனுப்பியிருந்தார். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஆணி கல்லில் உரசினாலே போதும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். முத்துலட்சுமி வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே திட்டினாள்.

"அண்ணாச்சிக்கு என்ன, கிறுக்கா பிடிச்சிருக்கு? வேலைக்கு வாரவுக கொண்டை ஊசியக்கூட கழத்தி வாங்கிட்டுத்தான் உள்ள விடுறாக. உங்க நாயி கழுத்துல கொல்லம்பட்டறையவே மாட்டி விட்டுருக்கீக!"

பட்டை பரணுக்குப் போனது. அவளே பழைய நூல் சேலையைக் கிழித்துப் பின்னிக் கழுத்தில் கட்டிவிட்டாள். ஆனாலும் எப்போதும் "உங்க நாயி" என்றுதான் சொல்லுவாள். ஆடு வைத்திருக்கிறவளுக்கு எந்த நாய் மேலும் முழு நம்பிக்கை வருவதில்லை. தெருநாய்கள் கடித்து ஆடு செத்த கதை எல்லார் வீட்டிலும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏதாவது பெரிய சத்தம் கேட்டால், சோதனைக்கு வெடிக்கிறார்களா, வேறு ஏதாவதா என்று ஊரே வேலையை நிறுத்திவிட்டுத் திசையைப் பார்க்கும். முதலில் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்த குல்லு, பிறகு அதையும் பழகிக்கொண்டது. சத்தம் கேட்டதும் எழுந்து ஆடுகளை ஒரு சுற்றுச் சுற்றி வரும். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உட்காரும். நான் வேலியோரமாகப் போய் நின்று முத்துலட்சுமியின் வேன் வரும் ரோட்டைப் பார்ப்பேன். அந்த நேரங்களில் குல்லுவும் நானும் ஒரே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அச்சகத்தில் மூத்த பங்காளி என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "அடுத்தவுக ஆட்டுக்கு நாம ஜவாப் சொல்ல முடியாது. ஒரு ஆட்டு மேல பல்லு பட்டாலும் சரி, அடுத்த லாரியில ஏத்தி வந்த எடத்துக்கே விட்டுரணும்" என்று சொல்லிவைத்திருந்தார். நாங்களும் தலையை ஆட்டியிருந்தோம்.

சிவப்பு வாயோடு குல்லு வந்து நின்ற அந்தக் காலையில், அதே இமாச்சல லாரி லேபிள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றது.

கதவைத் திறந்தேன்

முத்துலட்சுமி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குல்லுவைப் பார்த்தாள். என் முந்தானையைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்படியே கொல்லைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வயித்துல குட்டியோட இருந்துச்சேக்கா" என்றாள். ரோட்டில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டுப் பெரியத்தானும் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"கயிற எடுடா" என்று தம்பியிடம் சொன்னார்.

குல்லு அதற்குள் தொட்டித் தண்ணீரில் பாதியைக் குடித்து முடித்திருந்தது. கூழை மோந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பிப் போய்க் கதவருகே நின்றது. என் வீட்டுக்காரர் கழுத்தில் கயிற்றைப் போடக் குனிந்தார். எங்களைப் பார்த்து ஒரு நாளும் உறுமாத நாய் அவரைப் பார்த்து உறுமியது. அவர் இரண்டடி பின்னால் வந்துவிட்டார். அவர் முகம் விழுந்துபோனதை நான் பார்த்தேன்.

"பாத்தியா? ரத்த ருசி கண்டிருச்சு. இனி மனுசனையும் விடாது" என்றார் பெரியத்தான். "டிரைவர் டீக்குப் போயிருக்கான். வந்ததும் பின்னால கூண்டு கட்டச் சொல்லு."

எனக்கு ஆகாத நாய்தான். ஆனால் அதன் உண்ணியை என் விரலால் எடுத்திருக்கிறேன். பெட்டிக்குள் வந்ததைக் கூண்டுக்குள் திருப்பி அனுப்புவதா என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும்.

"அடிச்சுத் தின்ன நாயி வீட்டுல வந்து படுக்கும்ல? இது எதுக்கு வெளிய போக அவசரப்படுது?" என்றேன்.

"மிச்சத்தத் திங்கப் போகுது, வேற எதுக்கு?"

"போகட்டும். செத்த ஆட்டையாவது அவ கண்ணால பாக்க வேண்டாமா?"

பெரியத்தான் முன்னால் நான் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

குல்லு ஓடவில்லை. வேலைக்குப் போகிற ஆள் மாதிரி ஒரே சீராக நடந்தது. பின்னால் முத்துலட்சுமி தழை பறிக்கிற தொரட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் வீட்டுக்காரரும் நானும் அவளுக்குப் பின்னால். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசியில் பெரியத்தான். ஆனைக்குட்டம் போகிற வழியில், தண்ணீர் வற்றிக் கிடந்த ஓடைக்குள் இறங்கினோம். சீமைக்கருவேல முள் சேலையைப் பிடித்து இழுத்தது. கரை மேல் இரண்டு தெருநாய்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்றின் காது புதிதாகக் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. குல்லுவைக் கண்டதும் இரண்டும் எழுந்து போய்விட்டன.

முத்துலட்சுமிதான் முதலில் நின்றாள்.

"அக்கா... குட்டிச் சத்தம்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. புதுச் செருப்பு கிறீச்சிடுவது போல மெல்லிசாக ஒரு சத்தம்.

ஓடைக்கரையோரம் ஒரு கருவேலம் புதர். அதன் நிழலில், ஈரமண் தெரிகிற வரைக்கும் தோண்டிய ஒரு பள்ளம். பள்ளத்தின் வாசலை மறித்துக் குல்லு படுத்துக்கொண்டது. அதன் முதுகுக்குப் பின்னால் செவலை நின்றுகொண்டிருந்தது, உயிரோடு, எதையோ மென்றுகொண்டு. ஒரு குட்டி மடியில் முட்டி முட்டிப் பால் குடித்தது. இன்னொன்று காது இன்னும் காயாமல், எழுவதும் விழுவதுமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கிட்டே போனார். மறுபடியும் உறுமல். என்னைப் பார்த்தும் ஒரு உறுமல். கூழ் ஊற்றிய கைக்குக்கூட மரியாதை இல்லை. முத்துலட்சுமி, "ட்ர்ர்ர்... யே" என்று ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாள். குல்லுவின் வால் மண்ணைத் தட்டியது. எழுந்து ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டது.

அவள் குட்டிகளைத் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வயிறு, தொடை, கழுத்து. ஒரு பல் தடம் இல்லை. மூத்ததைக் குல்லு நக்கிச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது; இளையதின் மேல் பிறந்த ரத்தம் இன்னும் காயவில்லை. பார்த்து முடித்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குல்லுவின் முதுகில் பட்டுப்பட்டென்று அடித்தாள்.

"அடி கிறுக்குச் சிறுக்கி! எம்புட்டுப் பயமுறுத்திட்ட, எம்புட்டுப் பயமுறுத்திட்ட..."

குல்லு கொட்டாவி விட்டது.

அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். "நஞ்சுக்கொடியத் தின்னுருக்குங்க. அந்த இனத்துக்கு அது வழக்கம்தான். ரத்த வாடைக்கு வேற மிருகம் வந்துரக் கூடாதுன்னு இடத்தைச் சுத்தம் பண்ணிடும். குட்டியையும் நக்கி விடும். தாகத்துக்குத்தான் வீட்டுக்கு வந்திருக்கும். இன்னைக்குச் சோறு வைக்காதீங்க, தண்ணி மட்டும் போதும்."

போனை வைத்ததும் முள்ளைக்கூடப் பார்க்காமல் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் என் பிள்ளைகள் பிறந்தபோதுதான் அனுபவித்திருக்கிறேன்.

பெரியத்தான் கரை மேலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்தார். தோள் துண்டை விரித்து, எழுந்து நிற்க முடியாத அந்த ஈரக்குட்டியை அதில் வாங்கிக்கொண்டார். திரும்பி வருகிற வழி முழுவதும் குல்லு அவர் முழங்கையில் மூக்கை வைத்துக்கொண்டே நடந்தது. அவரும் தள்ளிவிடவில்லை.

அச்சக வாசலுக்கு வரும்போது அவருடைய வெள்ளைச் சட்டை முன்பக்கமெல்லாம் சிவப்பு. லேபிள் கட்டு சுமந்துகொண்டிருந்த ஆள் ஒருவர் பதறிப்போனார்.

"மொதலாளி, என்னது, மெஜந்தாவா?"

பெரியத்தான் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"ஆமாலே, மெஜந்தாதான். வேலையப் பாரு."

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியில் பெரியத்தானுக்கும் அடக்க முடியவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த டிரைவர் துண்டுக்குள் இருந்த குட்டியைப் பார்த்தார், குல்லுவின் வாயைப் பார்த்தார். தன் குல்லாயைச் சரி செய்துகொண்டு, சொந்த ஊர்ப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி குல்லுவின் தலையில் கையை வைத்தார். லேபிள் கட்டுகளை மட்டும் ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது.

காலையில் போட்ட காப்பி தொட்டி ஓரத்தில் அப்படியே இருந்தது. சுட வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முத்துலட்சுமியின் குரல் வந்தது.

"அக்கா, நம்ம நாயிக்குத் தண்ணி வச்சாச்சா?"

"வச்சாச்சு, முத்து" என்றேன். தொட்டியை எட்டிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது. எழுந்து போய் நிரப்பினேன்.